இரண்டு விரற்கடை

திருவள்ளூரில் பஸ் இறங்கும்போதே
பதிவேட்டை மஞ்சள்பைக்குள் திருப்பி வைத்தேன்,
கரையான் தின்ற பக்கம் வெளியே தெரியாதபடி.

பக்கம் நாற்பத்தொன்று. என் கையெழுத்து.
தேசப்பன், தகப்பன் பெயர் கன்னியப்பன்,
பிறந்த தேதி ஜூன் ஒன்று.
அந்த வருஷம் சேர்ந்த பதினேழு பேரில்
பதினோரு பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்.
எந்த அதிகாரியும் சிரித்ததில்லை.

சூளையிலிருந்து நேராக வந்திருந்தாள் அவன் அம்மா,
புருவமெல்லாம் செம்மண்.
தேதி கேட்டேன். மழையைச் சொன்னாள்.
ஆரணியாறு பாலத்தை நக்கிக்கொண்டு போன கார்த்திகை மழை.
அது எனக்கும் தெரிந்த மழைதான்.
கணக்குப் போட்டால் பையனுக்கு நாலரை.

வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்
இடது காதைத் தொடு என்றேன்.
இரண்டு விரற்கடை எட்டவில்லை.
சூளைப் பக்கம் அங்கன்வாடி கிடையாது.
சத்துணவுக் கூடத்தில் அன்றைக்கு முட்டை,
அவன் கண் அங்கேயே இருந்தது.
தலையை லேசாகச் சாய்த்துவிட்டேன்.
தொட்டுவிட்டான்.

புத்தூரிலிருந்து ஊத்துக்கோட்டை வரும் கடைசி பஸ்.
சோதனைச்சாவடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது
பின்சீட்டுக்கு அடியில் இருபத்திரண்டு கிலோ கஞ்சா,
மேலே இரண்டு பையன்கள்,
ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து தூக்கம்.
போலீஸ்காரர்தான் எழுப்பியிருக்கிறார்.
பையைக் கொடுத்தவன்
சுருட்டப்பள்ளியிலேயே இறங்கிவிட்டானாம்.
கூலி தலைக்கு ஐநூறு. வந்து சேர்ந்தால் பிரியாணி.

பதினாறு முடிந்திருந்தால்
பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று யோசிப்பார்கள்.
முடியாவிட்டால் யோசிக்கவே மாட்டார்கள்.
வக்கீல் எனக்கு விளக்கியது இவ்வளவுதான்.
ஒன்றாம் வகுப்புக் கணக்கு.

செய்ததன் விளைவு தெரியுமா என்று
குழுமத்தில் கேட்டபோது
ஹேமாத்ரி சொன்னானாம்:
"தெரியும் மேடம். லேட்டாப் போனா அப்பா அடிப்பாரு."

நான் எழுந்தேன்.
இந்தத் தேதி பொய், எழுதியவள் நான்,
ஐந்து மாதம் கூட்டி எழுதினேன்.
மாஜிஸ்திரேட் அம்மா பேனாவை மூடி வைத்தார்.
பென்ஷன் வாங்குகிறீர்களா? ஆமாம்.
எதை வைத்து வயது எழுதினீர்கள்?
வேறு வழி தெரியாமல்
கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.
தோள்பட்டை வாதம்.
எனக்கே இப்போது காது எட்டவில்லை.

அதே மணிக்கட்டைப் படம் பிடித்தார்கள்.
எலும்பு சொன்னது: பதினைந்து, இல்லையென்றால் பதினேழு.
சந்தேகம் பையன் பக்கம் விழுந்தது.

ஹேமாத்ரிக்குப் படம் தேவைப்படவில்லை.
சத்தியவேடு ஆஸ்பத்திரியில் பிறந்தவன்.
தெலுங்கு முத்திரை, நாள், மணி, நிமிஷம்.
அந்த பஸ்ஸில் ஏறிய அன்று அவனுக்கு
பதினாறு வயது, இருபத்துமூன்று நாள்.

அவனும் நான் சேர்த்த பிள்ளைதான். பக்கம் நாற்பத்திரண்டு.
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.
ஒரு பிழை கிடைக்காதா என்று
என் கையெழுத்தை நானே துழாவியது அன்றைக்குத்தான்.

இருபத்துமூன்று நாளில் என்ன முளைக்கும்?
மீசைகூட நேராக முளைக்காது.
கோடு முன்பு பதினெட்டில் இருந்தது.
பதினாறுக்கு இறக்கினார்கள்.
மறுபடி ஏற்றி வையுங்கள் என்று
மனு எழுத உட்கார்ந்தால் எனக்கு வருவது இதுதான்:
எட்டாத கையை எட்டவைக்க
யாரோ இவன் தலையையும் சாய்த்திருக்கிறார்கள்.
அங்கே முட்டை இல்லை.

வராந்தாவில் தேசப்பன் என் பக்கத்தில் நின்றான்.
ஹேமாத்ரியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
"பையைத் தூக்கினது நான்தான் டீச்சர்.
அவன் சும்மா தொணைக்கு வந்தான்."
உள்ளே ஏன்டா சொல்லவில்லை?
"வயசுதானே கேட்டாங்க."